திரைக்கு அப்பால்: ஹெயான் அரசவைப் புனைகதையில் காட்சியும் மறைப்பும்

ஜப்பானில் கி.பி. 794ஆம் ஆண்டு ஹெயான்-கியோ என்ற புதிய தலைநகரம், அதாவது இன்றைய கியோட்டோ, அமைக்கப்பட்டது முதல் 1185இல் போர்க்குடியினர் கை ஓங்கியது வரையிலான ஏறத்தாழ நானூறு ஆண்டுகளை வரலாற்றாசிரியர்கள் ஹெயான் காலம் என்பர். அக்காலத்து அரசவையைச் சூழ்ந்து வாழ்ந்த சிறிய உயர்குடிக் கூட்டத்தினரிடையே எழுதப்பட்டு, அவர்களாலேயே படியெடுக்கப்பட்டு, அவர்கள் இல்லங்களிலேயே படிக்கக் கேட்கப்பட்ட உரைநடைக் கதைகள் மோனோகதாரி எனப்பட்டன. அவற்றுள் தலையாயது, முராசாகி ஷிகிபு என்னும் அரசவைப் பெண் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய கென்ஜி மோனோகதாரி. 54 அத்தியாயங்களும், 795 பாடல்களும், நானூறுக்கு மேற்பட்ட மாந்தரும், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நீளும் கதைக்காலமும் உடைய பெருநூல் அது. அதனை உலகின் முதல் நாவல் என்று புகழ்வது இன்று வழக்கமாகிவிட்டது; அந்தப் புகழுரை நூலின் வயதைச் சொல்கிறதேயன்றி அதன் கலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் கண்ணாற் காண்பதையே விலக்கி வைத்த ஒரு சமூகத்தில் பிறந்த அக்கதை, அந்த விலக்கையே தன் கதை சொல்லும் கருவியாக மாற்றிக்கொண்டது என்பதே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து.

ஹெயான் ஆண்கள் ஆட்சி, வரலாறு, சமயம் ஆகியவற்றைச் சீன மொழியிலும் சீன எழுத்திலும் எழுதினர். ஜப்பானியப் பேச்சொலியை அப்படியே பதிக்கும் கானா என்ற எளிய எழுத்துமுறை பெண்களுக்குரியதாகக் கருதப்பட்டது. கி நோ த்சுராயுகி என்ற பெரும்புலவர் 935ஆம் ஆண்டளவில் தம் பயணக்குறிப்பை ஜப்பானிய உரைநடையில் எழுத விரும்பியபோது, தம்மை ஒரு பெண்ணாகப் பாவித்துக்கொண்டே எழுதினார். மதிப்பு வரிசையில் வரலாற்று நூல்களும் பாடல் தொகுதிகளும் மேலே நிற்க, கதைகள் பெண்களின் பொழுதுபோக்காக மிகக் கீழே கிடந்தன. எனினும் சீனம் பயிலும் சகோதரனருகே அமர்ந்து கேட்டே அவனைவிட விரைவாகக் கற்ற முராசாகியைக் கண்டு, இவள் ஆணாகப் பிறக்கவில்லையே என்று தந்தை வருந்தியதை அவரே தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். சீன வரலாற்றின் அகலத்தைப் பெண்ணெழுத்தின் நெகிழ்வுக்குள் கொண்டுவந்து வைத்தது அந்தக் கல்வியே.

அவருக்கு முன்பே கதைகள் இருந்தன. மூங்கிலுக்குள் கண்டெடுக்கப்பட்ட பெண் ஐந்து பெருமக்களுக்கு நிறைவேற்ற இயலாத பணிகளை இட்டு, பேரரசரையும் மறுத்து, இறுதியில் தன் பிறப்பிடமான நிலவுக்கே திரும்பும் தாகெத்தோரி மோனோகதாரியைக் கதைகள் அனைத்துக்கும் மூதாதை என்று கென்ஜி நூலே குறிப்பிடுகிறது. இசே மோனோகதாரியோ வேறு வகையினது. அரிவாரா நோ நரிஹிரா என்ற 9ஆம் நூற்றாண்டுக் கவிஞரை நினைவூட்டும் பெயரற்ற ஆண் ஒருவனைச் சுற்றி, பாடல் பிறந்த சூழலைச் சில வரிகளில் சொல்லிப் பாடலோடு முடியும் 125 சிறு பகுதிகள் அதில் உண்டு. ஒன்று வியப்பையும் மற்றொன்று உணர்ச்சியின் ஒரு கணத்தையும் அளித்தன. மனம் காலப்போக்கில் மாறுவதை இரண்டும் காட்டவில்லை. அக்குறையைக் கதை எழுதியவர்களுக்கு முன்பே உணர்ந்தவர் மிச்சித்சுனாவின் தாய் என்று மட்டும் அறியப்படும் பெண்மணி. பழங்கதைகள் பொய்யால் நிறைந்தவை என்று சொல்லி, உயர்குடி ஆணொருவனின் பல மனைவியருள் ஒருத்தியாகத் தாம் காத்திருந்த இரவுகளைக் காகெரோ நாட்குறிப்பில் அவர் எழுதினார். அந்தக் கசப்பான உண்மை கதைக்குள் புகுந்தபோதுதான் கென்ஜி சாத்தியமாயிற்று.

இக்கதைகளின் நுட்பத்தை அறிய முதலில் அக்காலத்து வீட்டை அறிய வேண்டும். உயர்குடியினரின் மாளிகையில் நிலையான சுவர்கள் மிகக் குறைவு. நடுவே ஒரு கூடம், அதைச் சூழ்ந்து தாழ்வார அறைகள், அதற்கும் வெளியே மரத்திண்ணை, அப்பால் தோட்டம் என்று அமைந்த அவ்வீட்டைப் பகுத்தவை தொங்கும் மூங்கில் தட்டிகளும், தண்டில் கோத்து நிறுத்திய துணித்திரைகளும், மடக்குப் பலகைகளுமே. உயர்குடிப் பெண் தந்தையும் கணவனும் தவிர்ந்த ஆடவர் கண்ணில் படாது இவற்றின் பின்னே வாழ்ந்தாள். வந்த ஆண் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ அமர, அவன் சொல்லைச் சேடி ஒருத்தி உள்ளே கொண்டுபோய் மறுமொழியை வெளியே கொண்டுவந்தாள். கணவனும்கூட இரவில் வந்து விடியுமுன் செல்பவனாகவே பெரும்பாலும் இருந்தான். ஆனால் திரை என்பது சுவரன்று. குரலும், உடையின் சரசரப்பும், நறும்புகையின் மணமும், தட்டியின் அடியில் நீண்டிருக்கும் சட்டைக்கை விளிம்பின் நிறமும் அதைக் கடந்து வந்தன. அதாவது முழுமையாக மறைக்காத மறைப்பு அது. கற்பனையைத் தூண்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்த கதையுத்தியைக் கைமாமி என்பர். வேலியிடுக்கின் வழியே, காணப்படுபவர் அறியாமல் காணுதல் என்பது அதன் பொருள். முந்திய கதைகளில் இது காதலைத் தொடங்கி வைக்கும் சடங்காக இருந்தது. முராசாகியின் கையில் அது காண்பவனை அளக்கும் கருவியாகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு மருத்துவம் நாடி வடமலைத் துறவியிடம் சென்ற பதினெட்டு வயதுக் கென்ஜி, அந்தி மயக்கத்தில் ஒரு படலின் அருகே நின்று, கூடையின் கீழ் வைத்திருந்த சிட்டுக்குஞ்சைத் தோழி பறக்கவிட்டுவிட்டாள் என்று அழுதபடி ஓடிவரும் பத்து வயதுச் சிறுமியைக் காண்கிறான். சிறுமியின் முகத்தில் அவன் கண்டு கண்கலங்குவது சிறுமியை அன்று. தன் தந்தையான பேரரசரின் துணைவியும் தான் மறைவாகக் காதலிப்பவளுமான ஃபுஜித்சுபோவின் சாயலையே. அந்த ஃபுஜித்சுபோவும், அவன் மூன்று வயதில் இழந்த தாயின் சாயலுக்காகவே அரண்மனைக்கு அழைக்கப்பட்டவள். இடுக்கின் வழியே பார்ப்பவனுக்குப் பாதிதான் தெரிகிறது. மீதியைத் தன் இழப்பைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறான். பின்னாளில் முராசாகி என்ற பெயரால் அறியப்படும் அச்சிறுமி, தான் யாருடைய சாயலுக்காக எடுத்து வளர்க்கப்பட்டாள் என்பதை முழுதும் அறியாமலே அவனோடு வாழ்ந்து மடிகிறாள் என்பதில்தான் இக்காட்சியின் கொடுமை முழுமையடைகிறது.

இதே உத்தி இருபத்தெட்டாம் அத்தியாயத்தில் வேறோர் உருவில் திரும்புகிறது. இலையுதிர்காலப் புயலில் திரைகள் மடக்கி ஒதுக்கப்பட்டிருந்த வேளையில், கென்ஜியின் மகன் யூகிரி தற்செயலாக முராசாகியைக் கண்டுவிடுகிறான். தன் தந்தை ஏன் தன்னை அவளிருக்கும் பக்கமே அண்டவிடவில்லை என்பது அப்போது அவனுக்குப் புரிகிறது. தந்தையின் துணைவிமேல் தான் கொண்ட காதலை மறவாத கென்ஜிக்கு மகனைக் கண்டு அஞ்சக் காரணமுண்டு. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், நாற்பதாம் அத்தியாயத்தில், யூகிரி அவளை இரண்டாம் முறை காண்கிறான். அப்போது அவள் உயிரற்றுக் கிடக்கிறாள், விளக்கு அருகே எரிகிறது, திரையை இழுத்து மறைக்கும் எண்ணம்கூடக் கென்ஜிக்கு இல்லை. இவ்விரு காட்சிகளையும் இணைத்து ஆசிரியர் ஒரு சொல் விளக்கமும் தருவதில்லை. பன்னிரண்டு அத்தியாயங்களுக்கு முன் படித்ததை வாசகர் தாமே நினைவுகூர்வார் என்று நம்பி எழுதும் இத்துணிவு, அதுவரை எழுதப்பட்ட ஜப்பானியக் கதைகளில் காணப்படாதது.

மூன்றாவது காட்சி நூலின் திருப்புமுனை. நாற்பது வயதில் கென்ஜி, ஓய்வுபெற்ற பேரரசரின் வேண்டுகோளுக்கு இணங்கி, அவருடைய மூன்றாம் மகளான இளவரசியை மணக்கிறான். அவளும் ஃபுஜித்சுபோவின் உறவினள் என்பது அவன் இசைவுக்கு ஒரு காரணம். மறு ஆண்டு வசந்தத்தில் அவன் மாளிகையில் இளைஞர்கள் காலால் பந்து தட்டி விளையாடிக்கொண்டிருக்கையில், துரத்தப்பட்ட சிறு பூனை ஒன்று வெளியே பாய, அதன் கழுத்துக் கயிறு சிக்கித் தட்டித்திரை ஒருபுறம் தூக்கப்படுகிறது. நின்றபடி விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இளவரசியைக் காஷிவாகி என்ற இளைஞன் கண்டுவிடுகிறான். ஒரு கயிற்றின் இழுப்பில் மூன்று வாழ்க்கைகள் குலைகின்றன. காஷிவாகி அப்பூனையைத் தந்திரமாக வரவழைத்துத் தன்னோடு உறங்கவைத்துக் கொஞ்சுகிறான், ஆறாண்டு கழித்து இளவரசியின் அறைக்குள் நுழைகிறான், அவள் கருவுறுகிறாள், அவன் எழுதிய கடிதம் விரிப்பின் அடியில் கென்ஜியின் கையில் அகப்படுகிறது. தன் தந்தையின் மனைவியிடம் தான் பெற்ற மகனையே பேரரசனாகக் கண்டவன் இப்போது மற்றவன் பிள்ளையைத் தன் பிள்ளையென ஊரறியத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியவனாகிறான். அப்போது அவன் மனத்தில் எழும் ஐயம் நூல் முழுவதையும் பின்னோக்கி மாற்றிவிடுகிறது: தன் தந்தையும் எல்லாவற்றையும் அறிந்தே அறியாதவர்போல் இருந்திருப்பாரோ என்பதே அது. விடை எங்கும் கூறப்படுவதில்லை. பௌத்தம் கூறும் வினைப்பயன் என்று இதனைச் சொல்லிவிடலாம், அக்கால வாசகர் பலர் அவ்வாறே கொண்டிருப்பர். ஆயினும் அறம் தண்டித்தது என்பதைக் காட்டிலும், மனிதன் தன் தந்தையைத் தந்தையின் வயதிலேதான் அறிய முடிகிறது என்ற அறிவே இங்குக் கூர்மையாக வெளிப்படுகிறது.

கண் பயன்படாத இருளில் பிற புலன்கள் கதையை நடத்துகின்றன. அகில் முதலிய நறும்பொருள்களை இடித்துக் கலந்து செய்யும் நறும்புகை, அவரவர் கைப்பக்குவத்தால் வேறுபட்டு, ஒருவரின் கையெழுத்துப் போலவே அடையாளமாகியது. முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் அதற்கெனப் போட்டியே நடக்கிறது. நூலின் கடைசிப் பத்து அத்தியாயங்கள் தலைநகரின் தெற்கே உள்ள உஜி என்ற ஆற்றங்கரை ஊரைச் சார்ந்தவை. அவற்றின் இரு நாயகர்கள் மணத்தாலேயே பெயர் பெற்றவர்கள். காஷிவாகியின் மறைமகனான காவோருவின் உடலிலேயே நறுமணம் உண்டு; நியோ இளவரசன் அவனோடு போட்டியிட்டு நறும்புகை கலந்து பூசிக்கொள்பவன். உகிஃபுனே என்ற பெண்ணைக் காவோரு உஜியில் மறைத்து வைத்திருக்க, நியோ நள்ளிரவில் வந்து, காவோருவின் குரலைப் போலவே பேசி, சேடியை ஏமாற்றி உள்ளே நுழைகிறான். அரசவை நாகரிகத்தின் மிக நுண்ணிய அடையாளங்களான குரலையும் மணத்தையும் ஒருவன் போலி செய்துவிட முடியும் என்றால் அந்த நாகரிகம் எதைக் காக்கிறது என்ற கேள்வி, கேட்கப்படாமலே அக்காட்சியில் நிற்கிறது.

பெயர்களும் மறைக்கப்பட்டிருப்பது இவ்விலக்கியத்தின் மற்றொரு இயல்பு. கென்ஜி என்பதே மினமோதோ குடியினன் என்று மட்டுமே பொருள்படும் குடிப்பெயர். பேரரசர் தம் அன்பு மகனை அரியணைப் போட்டியிலிருந்து காப்பதற்காக இளவரசர் நிலையிலிருந்து இறக்கி அப்பெயரைக் கொடுத்தார். மாந்தர் எல்லோரும் பதவியாலும், தங்கும் கட்டடத்தாலும், திசையாலும் சுட்டப்படுகின்றனர்; பதவி உயர உயரச் சுட்டும் மாறுவதால், ஒரே மனிதர் பத்து அத்தியாயங்களில் ஐந்து பெயருடன் வருவார். இன்று வழங்கும் யூகாவோ, காஷிவாகி முதலிய பெயர்கள் பாடல்களிலுள்ள சொற்களைக் கொண்டு வாசகர் இட்டவை. நூலாசிரியரின் இயற்பெயரும் இன்று உறுதியாக அறியப்படாதது. ஷிகிபு என்பது தந்தை பணியாற்றிய துறையின் பெயர், முராசாகி என்பதோ அவர் படைத்த பாத்திரத்தின் பெயர்.

பெயரில்லாத இடத்தில் மரியாதை நிலைகள் அவ்வேலையைச் செய்கின்றன. தமிழில் எழுவாய் தொக்கு நின்றாலும் வினைமுற்றின் விகுதி ஆண், பெண், உயர்வு, ஒருமை, பன்மை ஆகியவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். ஹெயான் ஜப்பானியத்தின் வினையில் பாலும் எண்ணும் இல்லை, செய்பவரின் தகுதிக்கேற்ற மரியாதைச் சொல் மட்டுமே உண்டு. ஆகவே வாசகர் ஒவ்வொரு வினையிலும் யார் யாரைவிட உயர்ந்தவர் என்று கணித்தே செய்தவரை அறிய வேண்டும். அரசவைப் பெண்ணுக்கு அது மூச்சு விடுவதுபோல் இயல்பு, பிற்காலத்தாருக்கோ பெரும்பாடு. இதன் பயன் ஒன்று உண்டு. சொல்பவரின் கூற்று எங்கே முடிந்து பாத்திரத்தின் எண்ணம் எங்கே தொடங்குகிறது என்ற கோடு மங்கி, ஒரே நீண்ட வாக்கியம் வெளியிலிருந்து தொடங்கி ஒருவர் மனத்துக்குள் நுழைந்து, தோட்டத்துக் காற்றைத் தொட்டு, மற்றொருவரின் ஐயத்தில் முடிகிறது. பிறமொழிப் பெயர்ப்புகள் ஒவ்வொரு வாக்கியத்திலும் பெயரை நட்டு இந்த மயக்கத்தைத் தெளிவாக்கிவிடுகின்றன. வாசகருக்கு அது உதவி, நூலுக்கு இழப்பு.

கதை சொல்லும் குரல் எல்லாம் அறிந்த குரலன்று. நிகழ்ந்ததை அருகிருந்து பார்த்த அல்லது பார்த்தவரிடம் கேட்ட முதிய சேடி ஒருத்தியின் குரல் அது. இன்னும் பல பாடல்கள் பாடப்பட்டன, அவற்றை எழுதினால் சலிப்பூட்டும் என்பாள், ஆட்சிச் செய்திகள் பெண் பேசத் தக்கவையல்ல என்று விலகிக்கொள்வாள், பேரரசர் மகனென்பதால் குறைகளை மறைத்தேன் என்று ஊரார் சொல்லக் கூடாதே என்பாள். இத்தகைய இடையீடுகளைச் சோஷிஜி என்று உரையாசிரியர்கள் பெயரிட்டு விளக்கினர். பேசத் தக்கதல்ல என்று விலகுபவளே நூல் முழுதும் அரியணை உரிமை, பெண்கொடுத்து அதிகாரம் பெறுதல், பதவியிழப்பு ஆகிய அரசியலைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தப் பணிவின் உள்ளே உள்ள குறும்பு. ஃபுஜிவாரா குடியினர் தம் மகளிரைப் பேரரசர்களுக்கு மணமுடித்து, பேரன்களின் பெயரால் நாட்டை ஆண்ட காலம் அது. அவர்களுள் மிகப் பெரியவரான மிச்சினாகாவின் மகள் ஷோஷி பேரரசியிடமே முராசாகி பணிபுரிந்தார். 1008இல் இக்கதை படியெடுக்கப்பட்டபோது தாளும் தூரிகையும் மையும் தந்தவர் மிச்சினாகாவே என்று நாட்குறிப்பு கூறுகிறது. அவர் தந்த தாளில், மினமோதோ குடியினன் ஒருவன் தன் காலத்துப் பெருங்குடியினர் எவரையும் விஞ்சி உயரும் கதை எழுதப்பட்டது.

பாடல்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். வாக்கா எனப்படும் 31 அசைகொண்ட குறும்பாடல் அரசவையில் அணிகலனாக மட்டும் இருக்கவில்லை. கடிதம், விண்ணப்பம், மறுப்பு, இரங்கல் அனைத்தும் அதுவே. தாளின் நிறம், மையின் அடர்த்தி, கடிதத்தைக் கட்டிய கிளை, கூடிப் பிரிந்த காலையில் அது வந்து சேர்ந்த நேரம் யாவும் வாசிக்கப்பட்டன. பிந்திய கடிதம் இகழ்ச்சியாகக் கொள்ளப்பட்டது. முராசாகியின் திறம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவரவர் தகுதிக்கேற்பப் பாடல் எழுதிக்கொடுத்ததில் இருக்கிறது. சிறந்த கவிஞர் ஒருவர் வேண்டுமென்றே மோசமான பாடல் எழுதுவது எளிதன்று. சிவந்த நீண்ட மூக்குடைய சுயெத்சுமுஹானா என்ற ஏழை இளவரசி, தடித்த தாளில், எந்தச் சூழலிலும் சீன உடை என்ற ஒரே பழஞ்சொல்லைப் புகுத்திப் பாடல் அனுப்புகிறாள். பொறுமையிழந்த கென்ஜி அச்சொல்லை மீண்டும் மீண்டும் அடுக்கியே ஒரு மறுமொழி எழுதுகிறான். நகைக்க வைக்கும் அவளையே, கென்ஜி தலைநகரைவிட்டு விலகி வாழ்ந்த காலத்தில் இடிந்த வீட்டில் பட்டினியோடு மாறாது காத்திருந்தவளாகவும் நூல் காட்டுகிறது. பழம்பாடலின் ஓரிரு சொல்லை உரைநடையில் வைத்து முழுப்பாடலின் உணர்வையும் வரவழைக்கும் ஹிகிஉதா என்ற உத்தியும் இதனோடு சேர்ந்தது. 905இல் பேரரசர் ஆணையால் தொகுக்கத் தொடங்கிய கோகின்ஷூ என்ற பாடல் தொகுதி மனப்பாடமாயிருந்த வாசகர்க்கு அது இயன்றது. அந்நினைவு மறைந்தபின் உரைகள் வேண்டியதாயின. 1673இல் கிதாமுரா கிகின் உரை, குறிப்பு, மூலம் மூன்றையும் ஒரே பக்கத்தில் தந்த கோகெத்சுஷோ என்ற பதிப்பு நெடுங்காலம் நூலின் வாயிலாக விளங்கியது.

சொல்ல முடியாததைச் சொல்ல மற்றொரு வழியையும் ஆசிரியர் கையாள்கிறார். ரொகுஜோ மாது, மறைந்த பட்டத்து இளவரசரின் விதவை, கல்வியும் பெருமிதமும் நிறைந்தவள், கென்ஜியின் காதலி. காமோ திருவிழாவையொட்டிய ஊர்வலத்தைக் காண வந்த அவள் வண்டியைக் கென்ஜியின் மனைவி அவோயின் ஆட்கள் பின்னுக்குத் தள்ளி இழிவுபடுத்துகின்றனர். பின்னர், கருவுற்று நோயுற்ற அவோயின் வாயிலிருந்து ரொகுஜோவின் குரல் பேசுகிறது. உயிரோடிருப்பவரின் ஆவி அவரறியாமலே பிரிந்து சென்று பிறரைத் தாக்கும் என்பது அக்கால நம்பிக்கை. இங்கே முராசாகி செய்யும் புதுமை, தாக்கப்பட்டவளின் படுக்கையிலிருந்து தாக்கியவளின் அறைக்குக் கதையைக் கொண்டுபோவது: பேயோட்டும் துறவியர் வளர்த்த ஓமத்தீயில் இடும் விதைகளின் மணம் தன் உடையிலும் கூந்தலிலும் படிந்திருப்பதை உணர்ந்து, தலை முழுகியும் உடை மாற்றியும் அது போகாமல் ரொகுஜோ தன்னைத் தானே அஞ்சுகிறாள். கோபப்படும் உரிமை மறுக்கப்பட்ட பெண்ணின் கோபம் அவளை விட்டே வெளியேறி நடப்பதாகச் சொல்வதைவிட நுட்பமான உளவியலை இக்காலப் புதினங்களிலும் எளிதில் காண முடியாது. ஆசிரியர் இந்நம்பிக்கையை முழுவதும் ஏற்றவரும் அல்லர். முதல் மனைவியின் ஆவி இரண்டாம் மனைவியைப் பற்றியதாக வரையப்பட்ட ஓவியம் ஒன்றைக் கண்டு அவர் பாடிய பாடல், பேய் கணவனின் குற்றமனத்தில்தான் இருக்கிறதோ என்று ஐயுறுகிறது.

இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் புனைகதை பற்றிய புகழ்பெற்ற உரையாடல் வருகிறது. நீண்ட மழைக்காலத்தில் கதைகளைப் படியெடுப்பதில் மூழ்கியிருக்கும் தமகசுராவை முதலில் கேலி செய்யும் கென்ஜி, பின்னர்ப் பேச்சை மாற்றி, அரசு வரலாறுகள் ஒரு பக்கத்தையே காட்டுகின்றன, மனித வாழ்வின் நிறைவான செய்திகள் கதைகளிலேயே உள்ளன என்கிறான். இலக்கியக் கோட்பாடாக இதனை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: பேசுபவன் தன் வளர்ப்பு மகளாக ஏற்ற பெண்ணைத் தன்வயப்படுத்த முயன்றுகொண்டிருப்பவன், கதைகளைப் புகழ்வதும் அம்முயற்சியின் ஒரு பகுதி. அது மட்டுமன்று, அதே அத்தியாயத்தில், தன் சொந்தச் சிறுமகளின் முன் காதல் கதைகளைப் படிக்க வேண்டாம் என்று முராசாகியை எச்சரிப்பவனும் அவனே. உயர்ந்த கருத்தை நம்பத்தகாத வாயில் வைத்துவிட்டு அமைதியாக நகர்ந்துகொள்ளும் இம்முறை, கருத்தைப் பொய்யாக்கவில்லை. அதைச் சொல்பவரை விட்டுப் பிரித்துப் படிக்க முடியாததாக்குகிறது.

பிற்காலம் இந்நூலை இருவகையில் எளிமைப்படுத்தியது. பொய்யும் காமமும் எழுதியதற்காக முராசாகி ஷிகிபு நரகத்தில் துன்புறுகிறார் என்று இடைக்காலப் பௌத்தர் சிலர் நம்பி, அவர் ஆன்ம நலத்துக்காகச் சடங்குகளும் செய்தனர். அதே பொருளில் ஒரு நோ நாடகமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மத்சுசாகா ஊரில் மருத்துவராக வாழ்ந்த பேரறிஞர் மோதோரி நோரினாகா (1730–1801) அறநெறி அளவுகோலையே விலக்கி, பொருள்கள் நெஞ்சைத் தொடும்போது எழும் உருக்கத்தை அறிதலே நூலின் நோக்கம் என்றும், அதற்கு மோனோ நோ அவாரே என்பது பெயர் என்றும் நிறுவினார். கென்ஜியை உபதேசத்திலிருந்து விடுவித்த பெருமை அவருடையது. ஆனால் அவருக்குப் பின் வந்தோர் அச்சொல்லை ஒரு மென்துகிலாக நூல் முழுவதின்மீதும் போர்த்தி, அதன் நகைச்சுவையையும் அரசியலையும் பெண்களின் சினத்தையும் மூடிவிட்டனர். உதிரும் மலரைக் கண்டு உருகும் ஆண்கள் இந்நூலில் நிறைய உண்டு. அவ்வுருக்கத்துக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதையும் நூல் விடாது குறித்துச் செல்கிறது. துறவு பூண அனுமதிக்கும்படி கதையின் முராசாகி மீண்டும் மீண்டும் கேட்க, பிரிவைத் தாங்கமாட்டேன் என்று கென்ஜி மறுத்துக்கொண்டே இருப்பது இதற்குத் தக்க சான்று.

மறைப்பின் உச்சம் நாயகனின் மரணம். நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தில், முராசாகியை இழந்த கென்ஜி ஓராண்டை மாதம் மாதமாகக் கழித்து, அவள் கடிதங்களை எரித்துவிட்டுத் துறவுக்கு ஆயத்தமாகிறான். அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது எட்டாண்டுகள் கழிந்துவிட்டன, அவன் ஏற்கெனவே இறந்துவிட்டான். இரண்டுக்கும் இடையே முகில்மறைவு என்று பொருள்படும் தலைப்பு மட்டும் மரபில் வழங்குகிறது. அதன் கீழ் ஒரு சொல்லும் இல்லை. அத்தலைப்பு ஆசிரியர் வைத்ததா, பிறர் சேர்த்ததா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, நாற்பது அத்தியாயங்கள் பின்தொடர்ந்த மனிதனின் இறுதியை எழுதாது விட்டது ஆசிரியரின் முடிவே.

உஜி அத்தியாயங்கள் அதன்பின் நாயகனே இல்லாத உலகைக் காட்டுகின்றன. காவோரு, தான் விரும்பி இழந்த ஓயிகிமியின் சாயலுக்காக அவள் மாற்றாந்தங்கை உகிஃபுனேயை நாடுகிறான். கென்ஜியின் பழைய தவறு அடுத்த தலைமுறையில், அவனுடைய கவர்ச்சி இல்லாமல், திரும்ப நிகழ்கிறது. இருவருக்கிடையே அகப்பட்ட உகிஃபுனே ஆற்றில் மூழ்கிவிடத் துணிந்து, மயங்கிக் கிடந்த இடத்தில் துறவியொருவரால் காப்பாற்றப்பட்டு, முகமறியாதவர் நடுவே ஓனோ என்ற சிற்றூரில் தலைமயிர் குறைத்துத் துறவு ஏற்கிறாள். அங்கே அவள் யாருக்கும் அனுப்பாமல் தனக்கென்றே எழுதும் பாடல்கள் முந்திய பாடல் மரபையே தலைகீழாக்குகின்றன. காவோரு அனுப்பிய கடிதத்தை அவள் ஏற்க மறுக்கிறாள். வேறொருவன் அவளை மறைத்து வைத்திருக்கிறானோ என்று அவன் ஐயுறுகிறான். அத்துடன் நூல் நின்றுவிடுகிறது. இது முற்றுப்பெறாத நூல் என்போர் உண்டு. ஆனால் படலிடுக்கில் தொடங்கிய காணும் ஆசை, காணப்பட மறுக்கும் ஒரு பெண்ணின் முன் தோற்று, அப்போதும் தன் அளவிலேயே அவளைக் கணிக்கும் ஆணின் தவறான ஊகத்தில் முடிவதைவிடப் பொருத்தமான முடிவு இக்கதைக்கு இல்லை.

பின்வந்த கதைகளில் நெசாமே, சகோரோமோ போன்றவை கென்ஜியின் நிழலிலேயே வளர்ந்தவை. சகோதரனும் சகோதரியும் ஆண்பெண் வேடம் மாறி அரசவையில் வாழும் தொரிகாயெபாயா, புழுக்களைச் சேகரித்துப் புருவ மயிரைப் பறிக்க மறுக்கும் பெண்ணைப் பற்றிய சிறுகதை ஆகியவை மட்டும் அந்நிழலைவிட்டு விலகிச் சிரிக்கின்றன. நூலைக் காத்தளித்தவர்களுள் முதன்மையானவர் ஃபுஜிவாரா நோ தெய்கா (1162–1241). இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் அவர் ஒப்புநோக்கிய பாடத்தையே அடிப்படையாகக் கொள்கின்றன.

இந்நூலைத் தொடங்கிப் பன்னிரண்டாம் அத்தியாயமான சுமாவோடு கைவிட்டுத் திரும்புவோரைக் குறிக்க ஜப்பானியரிடமே ஒரு கேலிப்பெயர் உண்டு. முதல் அத்தியாயங்களின் காதல் விளையாட்டுகளைக் கொண்டு நூலை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவ்வகையினரே. புதிதாகப் படிக்க விரும்புவோர் நடுவில் சிலவற்றைத் தாண்டிச் சென்றாலும், பூனை திரையைத் தூக்கும் முப்பத்துநான்காம் அத்தியாயத்திலிருந்து கென்ஜி மறையும் வரையுள்ள பகுதியையும், கடைசிப் பத்து உஜி அத்தியாயங்களையும் விடாது படிக்க வேண்டும். முராசாகி ஷிகிபுவின் முழு ஆற்றலும் அங்கேதான் உள்ளது.